மேய்ச்சல் நிலம் புல்லாகவே திரும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுரங்கம் தோண்டி முடித்த மேய்ச்சல் நிலத்தைச் சீரமைத்துவிட்டோம் என்று சொல்பவர்கள், நட்ட மரக்கன்றுகளின் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஆடு மாடு மேய்ந்த இடத்துக்கு வேண்டியது புல். அது திரும்பி வருமா என்பது, தோண்டத் தொடங்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மேலே உள்ள 10 முதல் 15 செ.மீ. மண்ணில்தான் புல் விதைகளும், வேரோடு கூட்டாக வாழும் பூஞ்சைகளும் பெரும்பாலும் இருக்கின்றன. அதைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும். ஈரத்தில் எடுக்கவே கூடாது: கையில் உருட்டினால் திரியாக நீளும் மண், வண்டி ஏறினால் கட்டிதட்டிப் போகும். எடுத்த கையோடு, வேலை முடிந்த பகுதியில் பரப்புவது மிக நல்லது. வேறு வழியின்றிக் குவித்தால் 2 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. உயரமான குவியலின் உள்ளே காற்று புகாது; பூஞ்சை மடியும், தழைச்சத்து அம்மோனியமாகத் தேங்கும். பரப்பியதும் அது நைட்ரேட்டாக மாறும். முந்திக்கொண்டு உறிஞ்சுவது களைதான். அதன் மேல் யூரியாவும் போடுவது களைக்கே ஊட்டுவதாகும்.

மேல்மண் பரப்பும் முன், கனரக வண்டிகள் ஓடி இறுகிய தரையைச் சரிவுக்குக் குறுக்கே அரை மீட்டர் ஆழம் கீற வேண்டும். காய்ந்திருக்கும்போது கீறினால் பாளம் பாளமாக நொறுங்கும். ஈரத்தில் கீறினால் கொழு போன தடம் மெழுகியதுபோல் நிற்கும். வேர் அதைத் துளைக்காது.

கழிவுப் பாறையில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகும். பைரைட் கந்தகம் 1 சதவீதம் உள்ள 1,000 டன் கழிவுக்கு, அமிலத்தை முறிக்க மட்டுமே சுமார் 31 டன் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். கழிவில் பைரைட் எவ்வளவு என்று பரிசோதிக்காமல் விதைப்பது வீண் செலவு.

விதை மூட்டையின் எடையை நம்பாதீர்கள். தூய்மை 50 சதவீதம், முளைப்பு 40 சதவீதம் என்றால், 10 கிலோவில் முளைக்கக்கூடியது 2 கிலோதான். சிறிய புல் விதைகள் 1 செ.மீ.க்குக் கீழே புதைந்தால் மேலே வருவது அரிது. விதைத்த பின் ஹெக்டேருக்கு 4 டன் அளவில், களை விதை கலவாத வைக்கோலை மூடாக்காகப் போட்டு மண்ணில் அழுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று வாரிக்கொண்டு போய்விடும்.

குறைந்தது இரண்டு வளர்பருவங்களுக்குக் கால்நடைகளை விடக் கூடாது. வறண்ட நிலத்தில் இன்னும் கூடுதலாகக் காக்க வேண்டும். பிறகு, மாடு கடித்து இழுப்பதுபோல் ஒரு பிடி புல்லைப் பற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். தாள் மட்டும் அறுந்து வந்தால் வேர் பிடித்திருக்கிறது. தூரோடு பெயர்ந்து வந்தால் வேலியைத் திறக்கும் காலம் வரவில்லை. சீரமைப்புக்குச் சான்று வழங்கும் அதிகாரிகள், கன்றுகளை எண்ணுவதற்கு முன் பத்திருபது இடங்களில் இப்படி இழுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
நில மீட்புப் பணியில் உள்ள வாசகர்கள்