அந்தப் பொருட்களை அழித்திருக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா ஊரில் நடந்த படுகொலை பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது, அதனால் இறந்தவர்களின் நினைவுக்கு இனி ஆபத்தில்லை என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

1995 ஜூலையில் போஸ்னிய செர்பியப் படையினர் 8,000-க்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்தார்கள். அது போதாதென்று சில வாரம் கழித்து மண்வாரி இயந்திரங்களைக் கொண்டுவந்து அதே குழிகளைத் தோண்டி, உடல்களை அள்ளிப்போய் வேறு வேறு இடங்களில் கொட்டி மூடினார்கள். ஒரே ஆளின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் கிடைத்தது இதனால்தான். செத்தவர்கள் எல்லாம் சண்டையில் செத்தவர்கள் என்று சாதித்தவர்களுக்கு முன்னாள் யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த ஹேக் தீர்ப்பாயத்தில் பதில் சொன்னவை கண்ணைக் கட்டிய துணி, கையைக் கட்டிய கட்டு, நின்றுபோன கைக்கடிகாரம். கை அசைய அசையத் தானே சாவி ஏறும் கடிகாரம் அது. அசைவு நின்றால் ஓரிரு நாளில் ஓட்டமும் நின்றுவிடும். முகப்பில் நின்ற தேதியை வைத்து, கட்டியிருந்தவர் செத்த நாளைக் கணித்தார்கள்.

2001-இல் போஸ்னிய செர்பியத் தளபதி கிர்ஸ்டிச்சின் வழக்கில் இது இனப்படுகொலை என்றது தீர்ப்பாயம். 2007-இல் சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது. (கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். முன்னது ஆட்களை விசாரித்தது, பின்னது நாடுகளின் வழக்கைக் கேட்பது.) 2021-இல் போஸ்னியாவில் இனப்படுகொலையை மறுத்துப் பேசுவது குற்றம் என்று சட்டத் திருத்தம் வந்தபோது, அதற்குப் பிடிமானமாக இருந்தவையும் நீதிமன்றத் தீர்ப்புகள்தான். சரி, இந்த அளவுக்கு நீதிமன்றம் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் குழிகளிலிருந்து எடுத்த அடையாள அட்டை, புகைப்படம், துணிமணி என்று சுமார் 1,000 பொருட்களைத் தீர்ப்பாயமே அழித்துவிட்டது என்ற சேதி 2009-இல் வெளியே வந்ததே, அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அழுகிப்போய்ச் சுகாதாரக் கேடாகிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணம். மகன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையை எந்த அம்மாவாவது சுகாதாரக் கேடு என்பாளா? வழக்குக்கு அது ஒரு சான்றுப்பொருள், வேலை முடிந்ததும் இடத்தை அடைக்கும் ஒரு பை. வீட்டாரைக் கூப்பிட்டு, வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பெயர்களும் தீர்ப்பிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. உறவினர்கள் கொடுத்த ரத்தத்தோடு எலும்பின் மரபணுவை ஒப்பிட்டு ஏறக்குறைய 7,000 பேரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். புதிதாக அடையாளம் தெரிந்தவர்களை ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிகாவுக்குப் பக்கத்தில் உள்ள பொட்டோசாரி நினைவுக் கல்லறையில் அடக்கம் செய்வது வருஷா வருஷம் நடக்கிறது. ஒன்றிரண்டு எலும்பை மட்டும் புதைத்த குடும்பங்களும் உண்டு. இன்னும் கிடைக்குமா என்று வருஷக்கணக்கில் காத்திருந்து, வயதாகிவிட்டதே என்று புதைத்தவர்கள்.

ஒரு வேண்டுகோள். அந்தத் தீர்ப்பாயத்தின் விசாரணைப் பதிவுகள் இணையத்தில் பெருமளவு திறந்தே கிடக்கின்றன. சுடப்பட்டும் பிணங்களுக்கு நடுவே உயிரோடு கிடந்து தப்பியவர்கள், பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்துச் சொன்ன சாட்சியங்கள் அதில் இருக்கின்றன. தலைவர்களின் தண்டனைக் கணக்கை நிறைய எழுதியாகிவிட்டது. அடுத்த ஜூலை இதழில் இந்தச் சாட்சியங்களில் ஒன்றை முழுசாகத் தமிழில் போடுங்களேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்