அடுப்பில் ஏற்றிவிட்டு உன் வேலையைப் பார், அம்மு

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று போனில் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு "ரெண்டு ரொட்டி தின்னேன்ப்பா, நின்னுக்கிட்டே" என்றாய். வெளியே மைனஸ் எட்டு டிகிரி, நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வேலை முடிந்து வந்தால் அடுப்பு முன்னால் நிற்கத் தெம்பில்லை என்றும் சொன்னாய். போனை வைத்த பிறகும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பேசினால் "சரிப்பா, பார்க்கிறேன்" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

குளிர் ஊர்களின் பழைய சமையலை எடுத்துப் பார்த்தால், அதில் நிறைய அடுப்பு முன்னால் நிற்க முடியாதவர்கள் கண்டுபிடித்தது. இதைப் புரிந்துகொண்டால் உனக்குப் பாதி பயம் போய்விடும். பிரான்சில் அல்சாஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே பேக்கஓஃப என்று ஒரு பதார்த்தம், பெயருக்கே ரொட்டிக்காரரின் அடுப்பு என்றுதான் அர்த்தம். இறைச்சியை வெங்காயத்தோடு வெள்ளை ஒயினில் முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் உருளைக்கிழங்கோடு மண்சட்டியில் அடுக்கி, மூடியைச் சுற்றி மாவைத் திரித்து ஒட்டி ஆவி போகாமல் அடைத்து, ரொட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவார்களாம். திங்கட்கிழமை அங்கே துவைக்கிற நாள், கையால் துவைத்த காலத்தில் அது முழுநாள் வேலை. ரொட்டி சுட்டு முடித்து சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் அடுப்பில் சட்டி பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் சோலண்ட் கதையும் இதுதான். அவர்கள் மத வழக்கப்படி சனிக்கிழமை ஓய்வு நாள், வெள்ளி சூரியன் மறைந்தால் சனி இருட்டும்வரை தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது, ஆனால் சனி மதியம் பனியில் நடந்து வீடு திரும்புகிறவனுக்குச் சூடாக ஏதாவது வேண்டுமே. அதனால் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, கொஞ்சம் இறைச்சி எல்லாவற்றையும் வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள், ராத்திரி முழுக்க அது அங்கேயே கிடக்கும். மொராக்கோவில் மராகேஷ் நகரத்தில் தன்ஜியா என்று ஒன்று உண்டு, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கூஜா மாதிரி ஒரு மண்பாத்திரத்தில் இறைச்சி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பில் ஊறிய எலுமிச்சை போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி, பொதுக் குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சுகிற உலையின் சாம்பலில் புதைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் சமைக்கிற பதார்த்தம் என்றே அதற்குப் பெயர்.

உனக்கு ரொட்டிக்காரரும் இல்லை, உலையும் இல்லை, ஆனால் சனிக்கிழமை வீட்டில்தானே இருக்கிறாய். சட்டியை ஏற்றி சிம்மில் வைத்துவிட்டு நீயும் போர்வைக்குள் போகலாம்.

அது ஏன் மெதுவாக வேக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால்தான் நீ எதையும் கேட்பாய். காலும் கழுத்தும் தோள்பட்டையும்தான் இறைச்சியில் மலிவான துண்டுகள், நிறைய உழைத்த தசை என்பதால் அவற்றில் கொலாஜன் என்கிற விறைப்பான புரதம் அதிகம். அவசரமாக வேகவைத்தால் ரப்பர் மாதிரி இருக்கும். கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே, நீர் அங்கங்கே ஒரு குமிழி விடுகிற சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் அந்தக் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து சாறு உதட்டில் ஒட்டும். மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது சூப் உறைந்து ஜெல்லி மாதிரி ஆடினால் நன்றாகச் செய்திருக்கிறாய் என்று அர்த்தம். தளதளவென்று கொதிக்க மட்டும் விடாதே, தசைநார் இறுகித் தன் சாற்றையெல்லாம் பிழிந்து வெளியே விட்டுவிடும்.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது ஒரு நார்வேக்காரர். உன் வயதில் நான் பனி விழும் ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன் அல்லவா, அப்போது உடன் தங்கியிருந்தவர். ஒரு ஞாயிறு காலை அவர் ஃபோரிகோல் செய்தார். எலும்போடு ஆட்டுக்கறி ஒன்றரை கிலோ, முட்டைக்கோஸ் ஒன்றரை கிலோ, முழு மிளகு நாலு டீஸ்பூன், உப்பு இரண்டு டீஸ்பூன், தண்ணீர் ஒன்றரை டம்ளர், அவ்வளவுதான். எதையும் வதக்கவில்லை, தாளிக்கவில்லை. கோஸைத் தண்டோடு பெரிய பெரிய துண்டமாக வெட்டினார், தண்டு போனால் இதழ் இதழாகக் கழன்றுவிடும் என்று. கொழுப்புள்ள துண்டுகளைக் கொழுப்பு கீழே பார்க்கும்படி அடியில் வைத்தார், மேலே கோஸ், கொஞ்சம் மிளகும் உப்பும், மறுபடி கறி, மறுபடி கோஸ். மூடி சரியாக உட்காரவே இல்லை, அந்த அளவு நிறைந்து நின்றது. அரை மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிட்டது, கோஸ் விட்ட தண்ணீரிலேயே கறி வேக ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே தெரு தெரியவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது எலும்பு தானாக விலகி நின்றது, கோஸ் வெண்ணெய் மாதிரி, இனிப்பாக. மிளகு மெத்தென்று ஆகியிருந்தது, கடித்தால் மெல்லச் சுடும். அத்தனை ருசி வெறும் நாலு பொருளில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. 1972-ல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டபோது நார்வேக்காரர்கள் இதைத்தான் தங்கள் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும். செப்டம்பர் கடைசி வியாழன் இதற்கென்றே ஒரு நாள்கூட வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை. நீ ஸ்லோ குக்கர் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாயே, அதில் ராஜ்மாவை அப்படியே போடாதே. நான் அதே ஊரில் அதைச் செய்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தேன், கூட யாருமில்லை, இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது, ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அது அழியாது, அரைகுறையாக வெந்தால் பச்சையாக இருப்பதைவிட மோசம். ராத்திரி ஊறவை, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிடு. 10 நிமிடம் போதும் என்பார்கள், நீ 30 நிமிடம் விடு. அப்புறம் எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் மெதுவாக வேகட்டும்.

கறி வேண்டாம் என்று தோன்றுகிற நாளில் போர்ஷ்ட் செய். பீட்ரூட் சூப் என்று சாதாரணமாகச் சொல்லிவிடக் கூடாது, உக்ரைனியர்களுக்கு அது வீடு. 2022-ல், போருக்கு நடுவில், அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபு என்று யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. பீட்ரூட்டை வதக்கும்போதே கொஞ்சம் வினிகரோ எலுமிச்சையோ விடு, புளிப்பு இருந்தால்தான் சிவப்பு நிற்கும், இல்லாவிட்டால் கொதிக்கக் கொதிக்க வெளிறிப் பழுப்பாகிவிடும். செய்த அன்றைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

குளிரே சமைத்துக் கொடுக்கிற உணவு ஒன்றும் உண்டு, தெரியுமா? பெரு, பொலிவியா பக்கம் ஆண்டீஸ் மலையில், ஜூன் ஜூலை உறைபனி ராத்திரிகளில் உருளைக்கிழங்கை வெட்டவெளியில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பார்கள். சுன்யோ என்று பெயர். வருடக்கணக்கில் கெடாது, குளிருக்குச் சூப்பில் போட்டுக் குடிப்பார்கள். நீ அந்தக் குளிரைத் திட்டிக்கொண்டே இருக்கிறாய், அதனால் இதைச் சொல்லத் தோன்றியது.

மிஞ்சினால் சட்டியோடு ராத்திரி முழுக்க வெளியே வைக்காதே, இரண்டு மணி நேரத்துக்குள் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வை. புதன்வரை உனக்கு அடுப்படி வேலை இல்லை.

சரி, நாளை சனிக்கிழமை. காலையில் போய்க் கறியும் கோஸும் மிளகும் வாங்கி வா, பன்னிரண்டு மணிக்குள் ஏற்றிவிடு. நார்வேக்காரர் போட்ட அளவுக்கு ஆறு பேர் சாப்பிடலாம், எதிர்வீட்டுப் பெண்ணும் தனியாகத்தான் இருக்கிறாள் என்றாயே, மூன்று மணிக்கு வரச் சொல். உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைத்துக்கொள். பரிமாறுவதற்கு முன்னால் தட்டுகளை வெந்நீரில் முக்கித் துடைத்து வை, ஆட்டுக் கொழுப்பு ஜில்லென்ற தட்டில் பட்டவுடன் உறைந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அப்பா