நிறத்துக்கு முன் கருமையைப் பார்

அன்புள்ள மீரா,

உன் ஸ்வெட்டருக்கென்று நீ அனுப்பிய ஆறு கம்பளி நூல்களின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். செங்கல் சிவப்பும் பாசிப் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டன. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டால், நாலடி தள்ளி நிற்பவருக்குப் பூ எது, பின்னணி எது என்று தெரியாது. சிவப்பை வைத்துக்கொள், பச்சைக்குப் பதில் வெளிர் சாம்பலோ ஓட்ஸ் நிறமோ எடு. நீ பின்னப்போகும் ஃபேர் ஐல் பின்னலில், அதாவது ஸ்காட்லாந்தின் பல நிறப் பூப்பின்னலில், பத்து நிறம் தெரிந்தாலும் ஒரு வரிசைக்கு இரண்டே நிறம்தான். அந்த இரண்டில் ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று எப்போதும் இருக்கட்டும். கடுகு மஞ்சள் அழகுதான். பூவின் நடு வரிசைக்கு மட்டும் போதும்.

கழுத்து மென்மையாக இருக்கவேண்டும் என்று சூப்பர்வாஷ் மெரினோ, அதாவது இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்திய மென்கம்பளி, கேட்கிறாய். வேண்டாம்மா. கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு, அவைதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சூப்பர்வாஷில் அவற்றை மழித்தோ பூச்சால் மூடியோ விடுவார்கள். பின்னல் கண்ணிகள் வழுக்கும், துவைத்தால் துணி தொங்கும். வட்டமாகப் பின்னி முடித்து முன்பக்கத்தை வெட்டித் திறந்து பட்டன் வைக்கப்போகிறாய், அங்கே பிரிந்துகொண்டே போகும். ஷெட்லாண்ட் ஆட்டுக் கம்பளியின் இரட்டைப்புரி நூல் முதலில் சொரசொரக்கும். ஒரு துவையலில் இழைகள் உப்பி இடைவெளிகளை மூடிவிடும்.

25 கிராம் உருண்டையில் சுமார் 115 மீட்டர் வரும். உன் 100 செ.மீ. மார்புக்கு 14 முதல் 16 உருண்டை வாங்கு. அதில் பாதி பின்னணி நிறம். அதை ஒரே சாயத் தொகுதி எண்ணில் ஒரே தடவையில் வாங்கிவிடு. சிவப்பு நூலை நனைத்து வெள்ளை டிஷ்யூவில் அழுத்து. கறை இறங்கினால் அந்த நூல் வேண்டாம்.

மாதிரித் துண்டை 3.25 மி.மீ. ஊசியில் வட்டமாகவே பின்னு. தட்டையாகப் பின்னினால் பர்ல் (பின்பக்க) வரிசைகளில் கை இழுப்பு மாறும், கணக்கு பொய்க்கும். துவைத்து, விரித்துக் காயவைத்த பிறகே எண்ணு. 10 செ.மீ.க்கு 30 கண்ணி வந்தால் 300 கண்ணிக்கு 100 செ.மீ.; 28 வந்தால் 107. இரண்டு கண்ணிக்கு ஏழு சென்டிமீட்டர்!

பின்னால் ஓடும் நூலை இழுக்காதே. நிறம் மாற்றும்போது வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரித்துவிட்டுப் பின்னு, இல்லையென்றால் துணி சுருங்கும். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் ஒருமுறை பின்னும் நூலோடு சிக்கவை. பூவின் நூல் எப்போதும் கீழிருந்தே வரட்டும், அதுதான் முன்னால் எடுப்பாகத் தெரியும். பாதியில் நூல்களின் மேல்-கீழ் இடத்தை மாற்றினால் அந்த இடத்திலிருந்து பூ மங்கிவிடும்.

புதிய நூல்களை வாங்கும் முன் கடையிலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து அனுப்பு.

அம்மா