பாலத்தில் பிரித்த வழி டவுன் வரை நீளட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1973-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பட்டபோதே, பேருந்தும் லாரியும் காரும் மேல்தளத்திலும், சைக்கிளில் செல்வோரும் நடந்து செல்வோரும் கீழ்த்தளத்திலும் போக வேண்டும் என்று நம் ஊரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. கீழ்த்தளத்தில் இன்று பைக்குகளே மிகுதி என்றாலும், விரைவாகப் போவதையும் மெதுவாகப் போவதையும் பிரித்துவைத்த அந்த நியாயம் பழையதாகிவிடவில்லை. ஆனால், பாலத்தை விட்டு இறங்கி டவுனை நோக்கிச் சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் நுழைந்ததும், எல்லாரையும் ஒரே தார்ப்பரப்பில் கலந்துவிட்டு, வலுத்தவன் முந்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

வரைதொழில் அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற நான், நாற்பது ஆண்டுகளாக டவுனுக்கும் சந்திப்புக்கும் சைக்கிளிலேயே போய் வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் ஓட்டுநர் பக்கக் கதவு நான் நெருங்கும் வேளையில் திறந்ததால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கதவைத் திறந்தவர் பதறிப்போய் என்னை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்து, மாவுக்கட்டு போடும் வரை கூடவே இருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நிற்கும் காருக்கும் ஓடும் பேருந்துக்கும் இடையில் மிஞ்சும் மூன்றடிதான் சைக்கிளுக்கு என்று வைத்திருக்கும் சாலையில், இன்றில்லாவிட்டால் நாளை யாராவது விழத்தான் செய்வார்கள்.

இந்தச் சாலையையும் டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகளையும் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், நடைபாதை, சைக்கிள் பாதை, வாகன நிறுத்தம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றே எல்லாரும் சொல்கிறோம். இடம் போதாத முக்கில் எதை முதலில் விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் கருத்தில், முதலில் போக வேண்டியது நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கும் வாகனம். அடுத்து, வாடிக்கையாளரின் கார். அதற்கும் பிறகுதான் சைக்கிளுக்கான தனிப் பாதை. நடந்து செல்வோரின் இடத்தில் எந்த நிலையிலும் கைவைக்கக் கூடாது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும் என்கிறது. நடைபாதையின் உயரம் அரை அடிக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. வாறுகாலை மூடிய பலகைக்கல்லையே நடைபாதை என்று நாம் அழைப்பதால், அது ஓரிடத்தில் முழங்கால் உயரத்திலும் அடுத்த கடையில் படிக்கட்டாகவும் அதற்கடுத்த இடத்தில் மின்கம்பத்தின் அடிப்பாகமாகவும் இருக்கிறது. மூட்டுவலி உள்ள மூதாட்டி ஏறி இறங்கிக்கொண்டே போக முடியாமல் சாலையில் இறங்கி நடக்கிறார்; நாம் அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறோம்.

நிறுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே சொல்ல வேண்டும். ஒரு காரை நிறுத்த ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது பன்னிரண்டரை சதுர மீட்டர் தேவை. அதே இடத்தில் பத்து சைக்கிள்களைத் தாராளமாக நிறுத்தலாம். அல்லது மூன்று தள்ளுவண்டிகள் நின்று வியாபாரம் செய்யலாம். கடைக்கு முன்னால் காலை பத்து மணிக்கு வந்து நிற்கும் வண்டி இரவு கடை அடைக்கும் வரை நகராமல் இருந்தால், அது பெரும்பாலும் வாங்க வந்தவருடையது அன்று; கடைக்காரருடையதோ அங்கே வேலை பார்ப்பவருடையதோதான். தம் வாடிக்கையாளர் நிறுத்த இடமில்லை என்று வருந்தும் வணிகர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதன் பிறகு மணிக்கு மணி ஏறும் கட்டணம் என்று வைத்தால், நாள் முழுவதும் நிற்கும் வண்டிகள் தாமாகவே தொலைவில் வேறு இடம் தேடிக்கொள்ளும். சரக்கு இறக்கும் லோடு வண்டிகளைக் காலை ஒன்பது மணிக்கு முன்பும் இரவு ஒன்பது மணிக்குப் பின்பும் மட்டும் அனுமதிக்கலாம். நயினார்குளம் சந்தைக்கு விடியுமுன் வந்து போகிறவர்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை.

நெடுஞ்சாலையில் பேருந்து ஓடுவதால் சைக்கிளுக்குத் தனிப் பாதை அவசியம். வெள்ளைக் கோடு போட்டால் போதாது. கோடு காயுமுன் அதன்மேல் ஒரு கார் நிற்கும். நடைபாதையை ஒட்டிச் சைக்கிள் பாதை, அதற்கு வெளியே கதவு திறக்க இரண்டடி இடைவெளி, அதற்கும் அப்பால் ஒரு பக்கம் மட்டும் வாகன நிறுத்தம் என்று வரிசையை மாற்றினால், நிற்கும் கார்களே சைக்கிளுக்கு அரணாகிவிடும். நான்கு கார்களுக்கு ஒரு வேம்போ புங்கையோ அந்த நிறுத்த வரிசையிலேயே நடப்பட வேண்டும். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத நடைபாதையில் நடக்கச் சொல்வது நம் ஊரில் தண்டனைக்குச் சமம். சைக்கிள் பாதை என்றதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கவசத்தோடு புறப்படுவோரையே சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும், கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்களும், பூக்கூடை கட்டிய வியாபாரிகளுமே இந்தச் சாலையின் உண்மையான சைக்கிள்காரர்கள்.

ரதவீதிகளின் கதை வேறு. ஆனித் தேரோட்டத்தின்போது சுவாமி தேரும் அம்பாள் தேரும் மற்றத் தேர்களும் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி வர வேண்டும் என்பதால், இங்கே நிரந்தரமான நடுத்தடுப்போ, கான்கிரீட் தூணோ, பூந்தொட்டிச் சுவரோ கட்ட முடியாது. சென்னைப் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நடைபாதை வளாகத்தை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்போர் இதை மறந்துவிடுகிறார்கள். தேர்ச் சக்கரத்தின் எடைக்குப் பேவர் கற்கள் அமிழ்ந்துபோகும் என்பதால், தேர் ஓடும் நடுப்பகுதி கெட்டியான தார்ச்சாலையாகவே இருக்கட்டும். இரு ஓரங்களிலும் நடப்பவருக்கான பகுதியைச் சற்றே மாறுபட்ட கல்லால், ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைக்கலாம். தரையில் குழாயைப் புதைத்து அதில் செருகி எடுக்கும் இரும்புக் கம்பங்களை வைத்தால், தேரோட்டத்துக்கு முந்தைய நாள் அவற்றைப் பிடுங்கிவிட்டு, தேரோட்டம் முடிந்த மறுநாள் திரும்ப நட்டுவிடலாம். இங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதையும் வேண்டாம். வாகையடி முக்கிலிருந்து சந்திப்பிள்ளையார் முக்கு வரை எந்த வண்டியும் சைக்கிளின் வேகத்தைத் தாண்டாமல் போனாலே போதும்.

சாலையோர வியாபாரிகளை விரட்டுவது தீர்வாகாது. 2014-ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுக்கு உரிமையும், நகர விற்பனைக் குழுவில் இடமும் தந்திருக்கிறது. நடைபாதையை விட்டு விலகி நிறுத்த வரிசையில் அவர்களுக்கென்று குறித்த இடம் கொடுத்தால் இரு தரப்புக்கும் நல்லது.

கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் காரை உள்ளே கொண்டுவரவே முடியாத நெரிசலில்தான் டவுன் கடைகளில் விற்பனை உச்சத்தில் இருக்கிறது என்பதை வணிகர்களே அறிவார்கள். அச்சம் சரியா தவறா என்பதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. கீழ ரதவீதியில் மட்டும் நான்கு சனிக்கிழமைகள் தார் பீப்பாய்களையும் கயிற்றையும் வைத்து நடைபாதையை அகலப்படுத்திப் பார்க்கலாம். ஆகும் செலவு மிகக் குறைவு.

எனவே, மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் வரைபடம் போடும் முன், பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு நாளும் சனிக்கிழமை மாலையில் ஒரு நாளும் டவுன் ஆர்ச் அருகே நின்று, வண்டிகளை விட்டுவிட்டு ஆட்களை எண்ணும்படி கேட்டுக்கொள்கிறேன். பேருந்திலிருந்து இறங்கும் ஐம்பது பேரை ஐம்பதாகவும், காரில் தனியே வருபவரை ஒன்றாகவும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கையும் வரைபடத்தையும் தமிழிலேயே வார்டு அலுவலகங்களில் ஒட்டி, ஒரு மாத காலம் மக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரைதொழில் அலுவலர் ஒருவர்,
திருநெல்வேலி டவுன்.