நினைவுக்கல் குறித்து நண்பனுக்கு

கீழ்ப்பாக்கம்,
சென்னை.

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையப்போவதையும், அவர் பெயரில் ஆலயச் சுவரில் ஒரு பளிங்குக்கல் பதிக்கப் பிள்ளைகள் விரும்புவதையும் எழுதி என் கருத்தைக் கேட்டிருந்தாய். இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் சபையில் மண்டபம் கட்டியபோது நான் செயலாளராக இருந்தது உனக்கு நினைவிருக்கும். அடிக்கல்லில் பேராயர், ஆயர், பொருளாளர் பெயர்களோடு என் பெயரும் இருந்தது. பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் பொறிக்கச் சொன்னவன் நான்தான். இந்த ஆண்டு சுவருக்கு கிரானைட் பதித்தபோது அந்தக் கல்லைப் பெயர்த்து, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் படுக்கப் போட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிறு ஆராதனைக்கு நுழையும்போது, அதன்மேல் யாரோ தேநீர் குடித்த தம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தேன். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மனிதனுடைய நாட்கள் புல்லைப் போன்றவை, அவன் இருந்த இடமும் இனி அவனை அறியாது என்ற சங்கீதத்தை எத்தனையோ அடக்க ஆராதனைகளில் எழுந்து நின்று வாசித்தவன் நான்; எல்லா முறையும் பிறருடைய இடத்தை நினைத்துக்கொண்டுதான் வாசித்திருக்கிறேன் போலும்.

மனம் ஆறாமல் அந்த வாரம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்துக்குப் போனேன். 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தைச் சுற்றித் தரை முழுவதும் கல்லறைப் பலகைகள் பாவப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே எவரும் இல்லை. பழைய இடுகாடு பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758-59-இல் சென்னையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளின் மறைவில் நின்று தாக்கியதால், போர் முடிந்தபின் அவற்றை இடித்துப் பலகைகளை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள். என்றென்றும் நிலைக்கட்டும் என்று லத்தீனில் வெட்டிய எழுத்துகளின்மேல் இன்று நாம் செருப்புக் காலோடு நடக்கிறோம். ஆலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் தாமஸ் மன்றோவின் நிலையோ இன்னும் வேடிக்கையானது. உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்து, சென்னை மாகாண ஆளுநராக இருக்கும்போதே 1827-இல் காலராவில் மாண்ட அந்த மனிதரைப் பற்றி, தீவுத்திடல் பக்கம் பேருந்தில் போகிறவர்களைக் கேட்டால், அவர் சிலையின் குதிரைக்குக் கால் வைக்கும் அங்கவடி இல்லை என்பதை மட்டுமே சொல்வார்கள்.

கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கும் போயிருந்தேன். இடநெருக்கடியால் ஒரே குடும்பக் குழியை மறுபடி திறந்து அடக்கம் செய்து, பழைய பெயருக்குக் கீழே புதிய பெயரை எழுதுகிறார்கள். மேலே இருக்கும் பெயர் யாருடையது என்று மாலை வைத்த பிள்ளைகள் தங்கள் அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெயர் போனாலும் செய்கை நிற்கும் என்று நீ சொல்வாய். யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளைப் பேதுருவிடம் காட்டினார்கள். அவள் பேசியதாக ஒரு சொல்லைக்கூட லூக்கா எழுதவில்லை. அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பேதுருவின் ஜெபத்தால் உயிரோடு எழுப்பப்பட்ட அவளும் பின்னொரு நாள் இறந்திருப்பாள், அந்த அங்கிகளும் நைந்து கிழிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். அதனால் இப்போதெல்லாம் என் மனம் இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் போய் நிற்கிறது. விட்டுச் செல்ல அவனிடம் ஒன்றுமில்லை, திருத்திக்கொள்ளவும் நேரமில்லை. தன்னை நினைத்தருள வேண்டும் என்று மட்டும் கேட்டான், அதையும் மனிதரிடம் கேட்கவில்லை. பரதீசில் உடனிருப்பாய் என்று ஆண்டவர் வாக்களித்த அவனுடைய பெயரைச் சுவிசேஷம் நமக்குச் சொல்லவே இல்லை.

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு ஆறுதல் தருமானால் வையுங்கள். சிறியதாக, பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் போதும். பட்டம் வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆனால் கல்லைவிட எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. உன் மனைவி நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பாரே, அதில் என் இளைய மகள் பரீட்சையில் தவறிய வருடம் அவளுடைய பெயரும் இருந்தது. அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? பழைய பேப்பரோடு போட்டுவிடாதே. ஜனவரியில் உன் ஊருக்கு வரும்போது அதை ஒருமுறை நான் பார்க்க வேண்டும்.

உன் அன்பு நண்பன்