அப்பிச்சிக்கு, வாஷிங்டனிலிருந்து

7-7-2008

அன்புள்ள அப்பிச்சிக்கு,

எல்லாரும் சுகம். மழை விவரத்தை அமுச்சியிடம் போனில் கேட்டுக்கொண்டேன்.

நேற்றோடு இங்கே ஒரு திருவிழா முடிந்தது. சாமி இல்லாத திருவிழா. ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிறுவனம் 1967இலிருந்து ஆண்டுதோறும் நடத்துகிறது. நாடாளுமன்றத்துக்கு எதிரே நீளமான புல்வெளியில் கூடாரங்கள், டிக்கெட் கிடையாது. 1985இல் இந்தியாவுக்கும் இதே இடத்தில் மேளா போட்டார்களாம்.

இந்த வருசம் பூட்டான், டெக்சாஸ், அப்புறம் ராக்கெட் விடும் நாசா. சிரிக்காதீர்கள். பூட்டான் நெசவாளிகளைப் போலவே நாசாக்காரர்களும் கூடாரத்தில் இருந்துகொண்டு தங்கள் வேலையைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்தவர் வழக்கம்தான் வேடிக்கை, நம்முடையது இயல்பு என்ற நினைப்பு அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. எனக்கு அது பிடித்தது.

கூட்டமெல்லாம் பூட்டான்காரரின் முகமூடி ஆட்டத்துக்குத்தான். போட்டோ எடுத்ததும் கலைந்துவிடுகிறது. தறிப் பக்கம் கொஞ்சம் பேர்தான், ஆனால் நகரவில்லை. சென்னிமலைத் தறி பார்த்து வளர்ந்தவள், நானும் நின்றுவிட்டேன். அந்தப் பெண் இடுப்பில் வார் கட்டி, பின்னால் சாய்ந்தே பாவு நூலை இழுத்துப் பிடிக்கிறாள். நல்ல துணி ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். முதுகு வலிக்காதா, கூலி கட்டுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆட்டக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஆபீஸ் தோழி, "பூட்டானில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்றாள். நேபாளி பேசும் லட்சம் பேர் 1990களில் அந்த நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, நேபாளத்து முகாம்களில் கிடக்கிறார்கள். இந்த வருசம்தான் அமெரிக்கா அவர்களைக் குடியேற்றத் தொடங்கியிருக்கிறது. நான் சுற்றிய கூடாரங்களில் அந்தப் பேச்சே இல்லை. அவள் மேல் என்ன தப்பு? காட்டியதைப் பார்த்தாள்.

நம் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவை இங்கே கொண்டுவந்தால் எதை வைப்போம்? குதிரைச் சந்தை, மகமேரு தேர். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிக்காட்ட உங்களையே உட்கார வைக்கலாம், ஒருத்தர் நகரமாட்டார். ஆனால் யார் தேரைத் தொடலாம், யார் தள்ளி நிற்கணும் என்று நம் பக்கத்து ஊர்களில் வரும் தகராறைக் கூடாரம் போட்டுக் காட்டுவோமா? மாட்டோம். பூட்டான்காரரை மட்டும் குறை சொல்லி என்ன?

ஆடி வரப்போகிறது. சந்தைக்கு மாமாவோடு போங்கள், வெயிலில் தனியாக அலைய வேண்டாம். குதிரை என்ன விலைக்குப் போகிறதென்று எழுதச் சொல்லுங்கள். இங்கே ஒரு டெக்சாஸ்காரர் சொன்ன விலையைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

உங்கள் பேத்தி