புவியியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் வகுப்பில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பருவநிலை மாற்றம் பற்றிய பாடத்தில் 'இயற்கைக் காரணங்கள்', 'மனிதக் காரணங்கள்' என்று இரண்டு தலைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் நாலைந்து வரி. போன வருடம் அதை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "பனியுகம் வந்தப்போ காரும் இல்ல, ஃபாக்டரியும் இல்ல. அது தானா வந்து தானா போச்சுன்னா, இந்தச் சூடும் தானா போயிடாதா?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. பாடத்தில் அதற்கு ஒரு வரிகூடப் பதில் இல்லை.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூமி சூரியனைச் சுற்றும் பாதையை நீண்ட முட்டை மாதிரி வரைகிறோம். அதைப் பார்க்கிற பிள்ளை, சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை என்று முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரியில், வட பாதி குளிரில் இருக்கும்போது. பாதையைச் சரியான அளவில் 10 செ.மீ. அகலத்தில் வரைந்தால், வட்டத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. சூரியன்தான் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி இருக்கும். பருவங்களை உண்டாக்குவது அச்சின் சாய்வு. டார்ச்சைத் தாளில் நேராக அடித்தால் சின்ன, பளிச்சென்ற வட்டம். தாளைச் சாய்த்தால் அதே வெளிச்சம் பரவி மங்கிவிடும். அதை ஒரு முறை கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அப்புறம் விளக்கமே வேண்டாம்.

பனியுகத்தின் கதையும் அந்தச் சாய்விலிருந்துதான் தொடங்குகிறது. சாய்வு சுமார் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே 41,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆடி வருகிறது. அச்சு பம்பரம்போலத் தலையசைக்கிறது. பாதையும் லட்சம் ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் வட்டமாகிறது. இதனால் பூமிக்கு வரும் மொத்த வெயில் பெரிதாக மாறுவதில்லை. எந்த மாதத்தில் எந்த அட்சரேகையில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் மாறுகிறது. வடக்கே கோடை வெயில் குறைந்தால், குளிர்காலத்தில் விழுந்த பனி முழுதாக உருகாமல் தங்கும். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், இன்னும் குளிரும், இன்னும் பனி தங்கும். கடல் குளிர்ந்து அதிகக் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும். குளிர் மேலும் கூடும். மிலுடின் மிலன்கோவிச் என்ற செர்பிய அறிஞர் இந்த வெயில் கணக்கைக் கையாலேயே போட்டார். 1976-இல் ஆழ்கடல் வண்டலில் பதிந்திருந்த பனியுகத் தடயங்களிலும் அதே கால இடைவெளிகள் தெரிந்தன. இவ்வளவு அழகான விஷயம் பாடத்தில் 'புவிச் சுற்றுப்பாதை மாற்றங்கள்' என்ற மூன்று சொல்லில் முடிந்துபோவதைப் பார்க்க மனசு வலிக்கிறது.

எரிமலைக்கு ஒரு பத்தி போதும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்து சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேலே அனுப்பியது. அதனால் உண்டான மெல்லிய திரை வெயிலைத் தடுக்க, உலகம் ஏறத்தாழ அரை டிகிரி குளிர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பழையபடி ஆகிவிட்டது.

சரி, இப்போதைய சூட்டுக்குச் சூரியனே காரணமாக இருக்கக்கூடாதா? பிள்ளைகள் இதையும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது 0.1 சதவீதம் அளவுக்குத்தான். அதில் ஏறுமுகம் இல்லை. இன்னொரு தடயமும் உண்டு. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்க வேண்டும். ஆனால் கீழே சூடாகும்போது அந்த மேலடுக்கான அடுக்குமண்டலம் குளிர்ந்திருக்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும். அந்த வாயுவான கார்பன் டை ஆக்சைடு, 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பனிப்பாளங்களில் சிக்கிய 8 லட்சம் ஆண்டுக் காற்றில் அது 300-ஐத் தாண்டியதே இல்லை.

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் அதன் வேகத்தையும் தடயத்தையும் எழுதுங்கள். சுற்றுப்பாதைக்குப் பல்லாயிரம் ஆண்டு, எரிமலைக்கு இரண்டு மூன்று ஆண்டு, நாம் எரிக்கும் கரிக்கும் எண்ணெய்க்கும் ஒன்றரை நூற்றாண்டு. அந்த மாணவிக்கான பதில் அந்த மூன்று எண்களில் இருக்கிறது. இடமில்லை என்றால், முட்டை வடிவப் படத்தை எடுத்துவிடுங்கள்; அரைப் பக்கம் கிடைத்துவிடும்.

அன்புடன்,
ஒரு புவியியல் ஆசிரியர்